2100-ல் எத்தனை பேர் இருப்போம்? அந்த எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

2014-ல் ஐநா மக்கள்தொகைப் பிரிவைச் சேர்ந்தவர்களும் வாஷிங்டன் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்களும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலக மக்கள்தொகை வளர்வது இந்த நூற்றாண்டுக்குள் நிற்க வாய்ப்பு குறைவு, 2100-ல் அது 960 கோடிக்கும் 1,230 கோடிக்கும் இடையில் இருக்க 80 சதவீத வாய்ப்பு என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து, 2024 ஜூலையில், அதே ஐநா பிரிவு வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரிச் சொன்னது. இந்த நூற்றாண்டுக்குள்ளேயே மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டுவிட 80 சதவீத வாய்ப்பு இருக்கிறதாம். 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடி, அப்புறம் மெல்ல இறக்கம்.

கணக்குப் போடும் முறை அடிப்படையில் அதேதான், பதில் மட்டும் தலைகீழ். இது என்ன, கிளி ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். இல்லை. இந்தக் கணக்கில் ஒரு பாதி மிகவும் உறுதியானது. இன்னொரு பாதி, இன்னும் பிறக்காத பெண்கள் வளர்ந்து என்ன முடிவு எடுப்பார்கள் என்பதை நம்பி நிற்பது. செய்தித் தலைப்புகளில் இரண்டும் கலந்து ஒரே எண்ணாக வந்துவிடுகின்றன. அப்படி வந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அரசாங்கங்கள் மனிதர்களுக்கு என்னென்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால், இந்த இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்க்க நாம் எல்லோரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில், எப்படிக் கணிக்கக் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். 1960-ல் ஹைன்ஸ் வான் ஃபோர்ஸ்டர் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் இரண்டாயிரம் வருட உலக மக்கள்தொகை மதிப்பீடுகளை எடுத்து, அவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு சமன்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதன்படி 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று மக்கள்தொகை முடிவிலியைத் தொட்டுவிடும். அது நடக்காது என்று அவர்களுக்கும் தெரியும். இப்படியே போனால் எங்கே போய் முட்டும் என்று காட்டத்தான் தேதி குறித்தார்கள். ஆனால் பழைய தரவுகளுக்கு அவ்வளவு அழகாகப் பொருந்திய அந்தக் கோடு, வந்த பத்து வருடத்துக்குள் வளையத் தொடங்கிவிட்டது. 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் போன உலக வளர்ச்சி வேகம் அதுதான் உச்சம் என்று இறங்கி, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. இதற்கு நேரெதிரான தவறு அதற்கு முன்பே நடந்திருந்தது. 1920-ல் ரேமண்ட் பேர்ல், லோவெல் ரீட் என்ற இருவர், வேகமாக ஏறிப் பிறகு சமதளமாகும் வளைகோடு ஒன்றை அமெரிக்காவுக்குப் பொருத்தி, அங்கே மக்கள்தொகை சுமார் 19.7 கோடியோடு நின்றுவிடும் என்றார்கள். 1960களிலேயே அமெரிக்கா அதைத் தாண்டிவிட்டது, இன்று சுமார் 34 கோடி.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. மொத்த எண்ணிக்கையை, தானாக வளரும் ஒரு பொருளைப் போல எடுத்துக்கொண்டார்கள். மொத்த எண்ணிக்கை குழந்தை பெறுவதில்லையே. இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் இருக்கும் பெண்கள்தான் பெரும்பாலும் பெறுகிறார்கள், வயதானவர்கள்தான் பெரும்பாலும் இறக்கிறார்கள். ஆகவே எந்த வயதில் எத்தனை பேர் என்பது தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் முறை இதைத்தான் செய்கிறது. இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் எட்வின் கேனன் 1895-லேயே இதைச் செய்து காட்டினார். ஒரு நாட்டு மக்களை ஆண், பெண் என்று பிரித்து, வயது வாரியாக அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் நகர்த்தினால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கழிக்க வேண்டும், நாட்டுக்குள் வருபவர்களைக் கூட்டி வெளியே போகிறவர்களைக் கழிக்க வேண்டும், பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர், அந்தந்த வயதில் எவ்வளவு பேர் பெறுவார்கள் என்று பார்த்து அடியில் புதிய வரிசையைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இதையே வருடா வருடம் திரும்பச் செய்தால் 2100 வரை போகலாம். கூட்டல் கழித்தல்தான் வேலை, அதில் தவறு வராது. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு என்று நாம் உள்ளே போடும் மூன்று எண்களில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த முறையின் பலம் எங்கே என்று பாருங்கள். 2050-ல் 25 வயதைத் தாண்டி இருக்கப்போகும் அத்தனை பேரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அவர்களை ஊகிக்க வேண்டியதில்லை, அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். ஐநா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்கிறது. 2012-லிருந்து 2024 வரை வந்த எல்லாப் பதிப்புகளிலும் 2050-க்கான எண் 950 கோடிக்கும் 980 கோடிக்கும் நடுவில்தான் நிற்கிறது. அதே காலத்தில் 2100-க்கான எண் சுமார் 1,090 கோடியிலிருந்து 1,120 கோடிக்கு ஏறி, பிறகு 1,020 கோடிக்கு இறங்கியது. பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட அசையவில்லை, தூரத்தில் இருப்பது நூறு கோடி அளவுக்கு ஆடுகிறது.

பக்கத்தில் இருப்பது ஏன் அசையவில்லை என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு நாட்டில் இன்று முதல் எல்லோரும் இரண்டே குழந்தை பெற்றாலும் மக்கள்தொகை உடனே நிற்காது. நேற்று நிறையப் பேர் பிறந்திருந்தால் நாளை தாய்மார்கள் நிறைய இருப்பார்கள், தலைக்கு இரண்டு குழந்தை என்றாலும் மொத்தத்தில் நிறையப் பிறக்கும், இறக்கும் வயதில் இருப்பவர்களோ குறைவு. இதை உந்தம் என்கிறார்கள். 2054 வரை உலகில் கூடப்போகும் மக்களில் 79 சதவீதம் இந்த உந்தத்தால் மட்டுமே கூடப்போகிறவர்கள் என்பது ஐநாவின் 2024 கணக்கு. 'இவ்வளவு பிரச்சாரம் செய்தும் ஜனத்தொகை கூடிக்கொண்டே போகிறதே' என்று அலுத்துக்கொள்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இப்போது நடக்கும் வளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் பல வருடங்களுக்கு முன் நடந்த பிறப்புகள்.

இறப்பு விகிதம் ஒரு காலத்தில் கணிப்பாளர்களைப் பெரிதாக ஏமாற்றியிருக்கிறது. 1945-ல் ஃபிராங்க் நோட்ஸ்டீன், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மக்கள்தொகை அறிஞர்களில் ஒருவர், 2000-ல் உலகில் 330 கோடிப் பேர் இருப்பார்கள் என்றார். இருந்தது 610 கோடிக்கும் மேல். பென்சிலினும் தடுப்பூசியும் கொசுவைக் கொல்லும் டிடிடி மருந்தும் ஏழை நாடுகளுக்கு இவ்வளவு வேகமாகப் போய்ச் சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இலங்கையில் மலேரியாவுக்கு எதிராக டிடிடி அடிக்கத் தொடங்கிய சமயத்தில், 1946-ல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947-ல் 14 ஆனது. ஒரே வருடத்தில்! மருந்து மட்டுமே காரணமா என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறைய வாதாடினார்கள், ஆனால் சரிவு நிஜம். 1958-ல் ஐநா திரும்பக் கணக்குப் போட்டபோது 2000-க்குச் சொன்ன எண் 628 கோடி, ஏறத்தாழ சரி. அதிலும் நாடு வாரியாகப் பார்த்தால் பிழைகள் பெரிது. ஓரிடத்தில் கூடியதும் இன்னோரிடத்தில் குறைந்ததும் ஒன்றையொன்று சமன் செய்ததால் மொத்தம் மட்டும் சரியாக வந்தது.

இன்றைக்கு இறப்பு அவ்வளவாகக் கணக்கைக் குலைப்பதில்லை. கொரோனா காலத்தில், 2020, 2021 இரண்டு வருடங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 1.49 கோடிப் பேர் அதிகமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எத்தனை குடும்பங்களின் துயரம் அது. ஆனாலும் உலக மக்கள்தொகைக் கோட்டில் அது ஒரு சிறு நெளிவாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் இப்போதும் உலகம் வருடத்துக்குச் சுமார் 7 கோடி கூடிக்கொண்டிருக்கிறது. இடப்பெயர்வு நாடுகளுக்கு முக்கியம், உலகக் கணக்கில் அது பெரிதாகச் சேராது.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது தொடக்க எண். இன்று எத்தனை பேர் இருக்கிறோம் என்பதே பல நாடுகளில் மதிப்பீடுதான். காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாகத் தலை எண்ணியது 1984-ல். நைஜீரியாவில் 2006-ல், அப்போது 14 கோடி என்றார்கள். இப்போது ஐநா மதிப்பீடு 23 கோடியைச் சுற்றி. நைஜீரியாவில் 1962 கணக்கெடுப்பு ரத்தாகி மறுபடி எடுக்கப்பட்டது, 1973 கணக்கெடுப்பின் முடிவுகளும் ஒதுக்கித் தள்ளப்பட்டன. எண்ணிக்கையை வைத்துத்தான் பிராந்தியங்களுக்கு இடங்களும் பணமும் பிரிக்கப்படுகின்றன என்பதால் ஒவ்வொரு எண்ணும் அங்கே சண்டை. நமக்கு இது புரியாத விஷயமில்லை. மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பிரிப்பது 1971 கணக்கெடுப்போடு உறைந்து நிற்பதும், அந்த உறை உடையும்போது தமிழ்நாட்டுக்கு என்ன ஆகும் என்ற வாதமும் இதே வகைதான். இந்தியாவிலும் கடைசிக் கணக்கெடுப்பு 2011, அடுத்தது 2021-ல் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை.

சரி, இப்போது கணக்கின் ஆடும் பகுதிக்கு வருவோம். கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்ற எண். 1960களில் உலகச் சராசரி சுமார் 5, இன்று 2.3-ஐ ஒட்டி. 2.1 இருந்தால் ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடு செய்துகொள்ளும். உலகில் பாதிக்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கீழே போய்விட்டன.

இந்த இறக்கம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் அறிஞர்கள் திரும்பத் திரும்பத் திகைத்திருக்கிறார்கள். ஈரானில் 1980களில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல், 2000களின் தொடக்கத்தில் சுமார் இரண்டு. இருபது வருடத்துக்குள் நான்கு குழந்தைகள் குறைந்துவிட்டன, அதுவும் மதகுருமார்கள் ஆட்சி செய்த ஒரு நாட்டில், கிராமங்கள் வரை போன சுகாதார நிலையங்களாலும் பெண்கள் பள்ளிக்குப் போனதாலும். நைஜீரியாவைப் பொறுத்தவரை 2100-ல் அங்கே எத்தனை பேர் என்பதற்கு ஐநா 2012-ல் சொன்னது 91 கோடி, 2019-ல் 73 கோடி, 2022-ல் 55 கோடி, 2024-ல் 48 கோடி. ஒரே நாடு, பன்னிரண்டே வருடம், எண் பாதியாகிவிட்டது. நைஜீரியப் பெண்களின் கருவுறுதல் விகிதம் பாதியாகவில்லை. புதிய ஆய்வுகளில் இறக்கம் நினைத்ததைவிடச் சற்று வேகமாகத் தெரிந்தது, அந்தச் சிறு வேறுபாடு எண்பது வருடங்களில் கோடிக்கணக்கில் பெருகிவிட்டது.

அடுத்த கேள்விதான் இன்னும் கடினம். இறங்குவது எங்கே நிற்கும்? ரொம்ப நாள் ஐநா, எல்லா நாடுகளும் கடைசியில் 2.1-ல் வந்து நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அப்படி நின்றால் எல்லாம் சமநிலைக்கு வரும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. பிறகு 1.85 என்றார்கள். இப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் கணினியில் ஆயிரக்கணக்கான பாதைகளைப் போட்டுப் பார்த்து, நடுவில் வருவதைச் சொல்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: மிகவும் கீழே போன நாடுகள் மெல்ல மேலே வரும்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. பெண்கள் 23 வயதில் பெற்றதை 30 வயதுக்குத் தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் அந்த வருடங்களில் பிறப்புகள் குறைவாகத் தெரியும், பிறகு மீளும். செக் குடியரசில் 1999-ல் 1.13 வரை விழுந்தது 2021-ல் 1.83 ஆனது. பார்த்தீர்களா, மீள்கிறது என்றார்கள். 2023-ல் அது மறுபடி 1.45. தென்கொரியாவிலோ மீட்சியே வரவில்லை, 2023-ல் 0.72 வரை போனது, 2024-ல் 0.75. சீனாவில் 2016-ல் சுமார் 1.8 கோடிக் குழந்தைகள் பிறந்தன, 2023-ல் 90 லட்சம். ஏழு வருடத்தில் பாதி. 2100-ல் சீனாவில் சுமார் 106 கோடிப் பேர் என்று 2019-ல் சொன்ன ஐநா, 2024-ல் சொல்வது 63 கோடி. தொடக்கத்தில் சொன்ன அந்தத் தலைகீழ் மாற்றத்தில் பெரும் பங்கு சீனாவுக்கும், ஆப்பிரிக்காவில் எதிர்பார்த்ததைவிட வேகமான இறக்கத்துக்கும் உரியது.

ஒரு பெண்ணுக்கு அரைக் குழந்தை கூடினால் அல்லது குறைந்தால் என்ன ஆகும் என்றும் ஐநா கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அரை கூடினால் 2100-ல் 1,400 கோடிக்கும் மேல், அரை குறைந்தால் சுமார் 700 கோடி. அதாவது இரண்டு வீட்டில் ஒரு வீடு ஒரு பிள்ளை கூடுதலாகப் பெறுமா, ஒரு பிள்ளை குறைவாகப் பெறுமா என்பதில் உலகம் இரட்டிப்பாகும் வித்தியாசம் இருக்கிறது. எந்தத் தொற்றுநோயும் இந்த அளவு கணக்கை மாற்றவில்லை.

2014-லேயே ஐநாவோடு உடன்படாதவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வியன்னாவில் வூல்ஃப்காங் லூட்ஸ் தலைமையிலான குழு, மக்களை வயது, பாலினம் என்று மட்டும் பிரிக்காமல் படிப்பு வாரியாகவும் பிரித்துக் கணக்குப் போட்டது. அவர்களுடைய வாதம் எளிமையானது. எத்தியோப்பியாவில் 2016 ஆய்வின்படி பள்ளிக்கே போகாத பெண்ணுக்குச் சராசரி 5.7 குழந்தைகள், மேல்நிலைப் பள்ளியைத் தாண்டிப் படித்தவருக்கு 1.9. இன்று பள்ளியில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகள்தான் இன்னும் பதினைந்து வருடத்தில் தாய்மார்கள், ஆகவே அவர்களின் படிப்பை வைத்துப் பிறப்பைக் கணிக்கலாம். அவர்கள் சொன்னது, 2070 வாக்கில் 940 கோடியில் உச்சம். சியாட்டிலில் உள்ள சுகாதார அளவீட்டு மையம் 2020-ல் இன்னும் கீழே போய், 2064-ல் 970 கோடியில் உச்சம், 2100-ல் 880 கோடி என்றது. யார் சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பெண்களின் படிப்பை நேரடியாகக் கணக்கில் சேர்த்தது சரியான வழி என்பது என் கருத்து. குழந்தைகள் ஏன் குறைகின்றன என்ற காரணத்தை அது உள்ளே கொண்டுவருகிறது, பழைய கோட்டை நீட்டுவதோடு நிற்பதில்லை.

இதெல்லாம் நிபுணர்களின் சண்டை, நமக்கென்ன என்று விட முடியாது. 1970களின் கடைசியில் சீனாவில் சோங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டு விஞ்ஞானி, ஒரு பெண்ணுக்கு மூன்று குழந்தை என்றே தொடர்ந்தால் நூறு வருடத்தில் சீனா 400 கோடியைத் தாண்டும் என்று கணினியில் போட்டுக் காட்டினார். அந்த 'தொடர்ந்தால்' என்ற நிபந்தனை நடக்கவே போவதில்லை, ஏனென்றால் ஒரு குழந்தைக் கொள்கை வருவதற்கு முன்பே, 1970களிலேயே, சீனாவில் கருவுறுதல் விகிதம் ஆறுக்கு அருகிலிருந்து மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஆனால் தலைவர்கள் பார்த்தது 400 கோடியை மட்டும். 1980-ல் கொள்கை வந்தது, அதோடு கட்டாயக் கருக்கலைப்பும் வந்தது. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976-77 ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, அதில் எத்தனையோ ஏழை ஆண்கள் இழுத்துப் போகப்பட்டார்கள். 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று 1968-ல் பால் எர்லிச் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதியது உலகம் முழுக்கப் பயத்தைப் பரப்பியிருந்த காலம் அது. உலக வளர்ச்சி வேகம் அப்போதே உச்சத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

இன்று பயம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. கொரியாவின் 0.72-ஐ அப்படியே நீட்டி, இந்த இனம் இத்தனையாம் ஆண்டில் அழியும் என்று தேதி குறிக்கிறார்கள். ஃபோர்ஸ்டர் போட்ட அதே கோடு, இந்த முறை கீழ்நோக்கி. ஆந்திராவில் இரண்டு குழந்தைக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று இருந்த விதி 2024-ல் நீக்கப்பட்டது, முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். விதி போனது நல்லது. ஆனால் அன்று குறைவாகப் பெறு என்று அதட்டிய குரல் இன்று அதிகம் பெறு என்று அதட்டினால், நடுவில் நிற்பது மறுபடியும் அதே பெண்தான்.

இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள். முடிவுகள் வந்ததும் மொத்தம் எத்தனை கோடி என்பதுதான் தலைப்பாக ஓடும். நான் முதலில் தேடப்போவது 0 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையை. 2001-ல் அவர்கள் சுமார் 16.4 கோடி, 2011-ல் சுமார் 16.45 கோடி; அந்தப் பத்து வருடத்தில் நாட்டின் மொத்தம் 18 கோடி கூடியது, குழந்தைகள் மட்டும் கிட்டத்தட்ட கூடவே இல்லை. பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகு அந்த அட்டவணை பீகாரிலும் தமிழ்நாட்டிலும் தனித்தனியாக என்ன காட்டுகிறது என்று தெரிந்தால்தான், இந்தியா 2060களில் 170 கோடியில் உச்சம் தொடும் என்ற இப்போதைய கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.